பற்று, பிணைப்பு, ஜப்தி: 'அட்டாச்மென்ட்' என்னும் சொல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும் வேலையைச் செய்து வருகிறேன். நீதிமன்ற உத்தரவு, வங்கிக் கடிதம், மருத்துவமனைக் கையேடு, தோட்டக்கலைக் குறிப்பு என எது வந்தாலும், ஏதாவது ஒரு வரியில் 'அட்டாச்மென்ட்' என்னும் சொல் வந்து நிற்கும். ஒவ்வோர் இடத்திலும் அது வேறொரு தமிழ்ச் சொல்லைக் கேட்கும். அந்தச் சொல்லைப் பற்றி மாணவர்களும் உடன் பணிபுரிவோரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 'பற்று' என்னும் நல்ல சொல்லைத் துறவிகளிடமும் வங்கிப் புத்தகத்திடமும் மட்டும் ஒப்படைத்துவிட்டோமே என்னும் வருத்தமே இதை எழுதத் தூண்டியது.

'அட்டாச்மென்ட்' என்பதற்கு நேரான ஒரே தமிழ்ச் சொல் எது?

அப்படி ஒன்று இல்லை, தேடவும் வேண்டியதில்லை. மின்னஞ்சலில் அது இணைப்பு, நீதிமன்றத்தில் பற்றுகை அல்லது ஜப்தி, தாய்க்கும் குழந்தைக்கும் இடையில் பிணைப்பு, ஊர்மீதும் மொழிமீதும் பற்று, டிராக்டரின் பின்னால் பூட்டினால் துணைக்கருவி. எனினும் இவற்றுள் மிகப் பரந்த பொருளும் மிகப் பழைய ஆட்சியும் உடையது 'பற்று'தான். ஆகவே இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்தச் சொல்லைப் பற்றியது. இப்போது நான் எழுதிய 'பற்றி' என்பதும் அந்தச் சொல்லின் எச்சமே: ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு பேசுவதே அதைப் பற்றிப் பேசுவது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு என்ன?

பழைய பிரெஞ்சு மொழியில் 'எஸ்டாஷ்' என்றால் தரையில் அடித்த முளை. அந்த முளையில் கட்டி நிறுத்துவதைக் குறித்த வினைச்சொல் பின்னர் 'அட்டாஷியே' என்னும் வடிவத்தைப் பெற்றது. அதற்கும் அடியில் ஜெர்மானிய மொழிகளின் வேர் இருக்கிறது. முளையைக் குறிக்கும் 'ஸ்டேக்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பம். இங்கிலாந்தில் பிரெஞ்சு வழக்குமன்ற மொழியாக இருந்த காலத்தில் இச்சொல் சட்டத்தின் வழியாகவே ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒருவரை 'அட்டாச்' செய்வது என்றால் அவரைக் கைது செய்வது அல்லது அவருடைய உடைமையைப் பிடித்துவைப்பது. அன்பு, ஈடுபாடு என்னும் பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இன்று மனத்தின் மென்மையான உறவைக் குறிக்கும் சொல், முதலில் நீதிமன்ற அமீனாவின் சொல்லாக இருந்தது என்பதை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை.

இதே வேரிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்த உடன்பிறப்பு ஒன்றும் உண்டு: தாக்குதலைக் குறிக்கும் 'அட்டாக்'. பகைவரோடு போரில் பிணைவது என்னும் கருத்து, தாக்குவது என்று மாறியது. தமிழிலும் இதற்கு இணையான போக்கைக் காணலாம். பற்றுவது அன்பு, கைப்பற்றுவது படையெடுப்பு.

முளை என்னும் இந்த வேரைச் சேலத்துக்காரருக்கு விளக்குவது எளிது. மாட்டைக் கட்டும் மரத்தைக் கட்டுத்தறி என்கிறோம். தறி என்றால் நட்ட மரம். நெசவுக் கருவிக்கும் அதே பெயர். தெருவுக்குத் தெரு தறி ஓசை கேட்ட ஊர் இது. பழைய குழித்தறியில் நான்கு மூலையிலும் நட்ட கால்கள்தான் பாவு முழுவதையும் இழுத்துப் பிடித்து நின்றன. நட்ட மரம் ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது என்னும் அந்தக் காட்சியே ஆங்கிலச் சொல்லின் கரு.

'பற்று' என்னும் சொல்லின் வேர் எது? அது வடமொழியா?

அல்ல, அது திராவிடச் சொல். தெலுங்கில் 'பட்டு' என்றால் பிடி. கன்னடத்தில் பிடியைக் குறிக்கும் 'பட்டு' என்பதும், ஒட்டு, ஏறு என்னும் பொருள்களைத் தரும் 'ஹத்து' என்பதும் இந்த இனமே. மலையாளத்தில் 'பற்றும்' என்றால் முடியும், 'பற்றில்ல' என்றால் முடியாது: கைக்கு எட்டுவது இயலும் என்றாகிவிட்டது. மூன்று மொழியும் காதில் விழும் சேலத்துக் கடைவீதியில் இந்த உறவை அன்றாடம் கேட்கலாம். தெலுங்கில் பட்டுத் துணிக்கும் 'பட்டு' என்றே பெயர் என்பதால், இரண்டையும் ஒரே சொல்லாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

மலையாளத்தில் நடந்ததற்கு நிகரான ஒன்று நம் பேச்சிலும் நடந்திருக்கிறது. 'சம்பளம் பத்தல', 'சோறு பத்தாது' என்கிறோமே, அந்தப் 'பத்தாது' என்பது 'பற்றாது' என்பதன் பேச்சு வடிவம். பற்றுதல் என்பதற்குப் போதியதாக இருத்தல் என்னும் பொருளும் உண்டு. பற்றாக்குறை என்று நாளிதழ்கள் எழுதுவது அதிலிருந்து வந்ததே. தேவையைத் தொட்டுப் பிடிக்க முடியாதது பற்றாதது.

பத்துப் பாத்திரம், நெற்றியில் பத்துப் போடுவது ஆகியவையும் இதே சொல்லா?

ஆம். எண் பத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. சோறும் குழம்பும் ஒட்டிய, இன்னும் கழுவாத பாத்திரம் பற்றுப் பாத்திரம். சோற்றுப் பருக்கைக்கே 'பற்று' என்னும் பெயர் உண்டு. தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் பூசும்போது அது காய்ந்து தோலை இறுக்கிப் பிடிக்கும். ஆகவே அது பற்று. பேச்சில் 'ற்ற்' என்பது 'த்த்' ஆவது நம் வழக்கம். காற்று காத்தாகவும் நேற்று நேத்தாகவும் ஆனதுபோல் பற்று பத்தானது. எழுத்தில் 'பத்து' என்றே எழுதிவிடுவதால் சொல்லின் உறவு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

உலோகங்களை ஒட்டுவதற்கும் 'பற்று' என்கிறார்களே, அது புதிய வழக்கா?

மிகப் பழைய வழக்கு. இந்தக் கேள்வியை எவர் கேட்டாலும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும்.

சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிகளில் கொலுசுப் பட்டறைகள் நிறைய உண்டு. ஒரு பட்டறையின் வாசலில் நின்று பார்த்தால் பற்றவைப்பது என்றால் என்ன என்பது விளங்கும். வளைத்த கம்பி வளையங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு சேர்க்கையிலும் வெண்காரம் தடவி, செம்பு கலந்த வெள்ளிப் பொடியை வைத்து, தீயை ஊதிப் பாய்ச்சுகிறார்கள். முதலில் வெண்காரம் பொங்கி வெளுத்துக் கொதிக்கும். பின்பு கண்ணாடிபோல் படியும். அடுத்த நொடியில், சாம்பல் நிறமாகக் கிடந்த பொடி திடீரெனப் பளிச்சிட்டு இடுக்கில் ஓடிவிடும். அந்தப் பளிச்சிடலைக் கண்டவுடன் தீயை விலக்க வேண்டும். விலக்கத் தவறினால் வளையமே உருகிவிடும். தூய வெள்ளி ஏறத்தாழ 961 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அதனோடு செம்பு கலந்தால் உருகுநிலை இறங்குகிறது. நூற்றுக்கு 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்ந்த கலவை ஏறத்தாழ 780 டிகிரியிலேயே ஓடத் தொடங்கும். பற்றும் பொருள், பற்றப்படும் பொருளைவிட முன்னதாக உருக வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை. பொடி மிகுந்தால் கொலுசின் 'டச்', அதாவது வெள்ளியின் தூய்மை அளவு, குறையும் என்பதால், அதிகம் பூசாமல் பற்றவைப்பவரே கைதேர்ந்தவர்.

இந்தப் பொடிக்குப் பழைய தமிழில் பெயர் 'பற்றாசு'. யாப்பருங்கலக்காரிகை என்னும் செய்யுள் இலக்கண நூலின் உரையாசிரியர் குணசாகரர் இதை வெண்பா இலக்கணத்துக்குக் கொண்டுவந்தார். நேரிசை வெண்பாவில் முதல் இரண்டு அடிகளும் தனிச்சொல்லும் ஓசையில் ஒட்டாமல் விலகி நின்றால், இடையில் ஒன்றோ இரண்டோ அசைகளைக் கூட்டிச் சேர்ப்பார்கள். அந்த அசைகளுக்கு 'ஆசு' என்று பெயர்; அவ்வகை வெண்பா ஆசிடை வெண்பா. ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு இட்டு விளக்குவதுபோல என்று அவர் உவமை சொல்கிறார். 'விளக்குதல்' என்பது அங்கே பற்றவைத்தலைக் குறிக்கும் தொழிற்சொல். பட்டறையின் சொல் இலக்கண நூலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இன்று 'சால்டரிங்' என்று மட்டுமே பாடம் படிக்கும் தொழிற்பயிற்சி மாணவருக்கு இந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வங்கிப் புத்தகத்தில் 'பற்று' என்றால் ஏன் பணம் குறைகிறது?

கணக்கு எழுதுகிறவரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வங்கியிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது உங்கள் பற்று. நீங்கள் செலுத்தியதால் உங்கள் கணக்குக்கு வந்தது வரவு. மளிகைக் கடையில் 'பற்று எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிச் சாமான் வாங்குவதும் இந்தப் பொருளில்தான். பற்றியவர் கடன்பட்டவர். 'டெபிட் கார்டு' என்பதற்குப் பற்று அட்டை என்னும் பெயர் எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

ஜப்தி, பற்றுகை, பறிமுதல் மூன்றும் ஒன்றா?

முதல் இரண்டும் ஒன்று. மூன்றாவது முற்றிலும் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு நடுங்கியபடி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

'ஜப்தி' அரபு மொழியின் 'ஸப்த்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. பிடித்துவைத்தல், கட்டுக்குள் கொணர்தல் என்பது அதன் பொருள். பாரசீகமும் இந்துஸ்தானியும் நிருவாக மொழிகளாக இருந்த காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தது. 'பற்றுகை' அதற்கான தமிழ்ச் சட்டச்சொல். ஒருவர் கடனைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பாகியும் தராதபோது, அவருடைய உடைமைமீது நீதிமன்றம் கைவைத்து நிறுத்துவதே பற்றுகை. அந்த உத்தரவினால் உடைமையின் உரிமை மாறிவிடுவதில்லை. சொத்து அவருடையதாகவே இருக்கும். ஆனால், கடன் கொடுத்தவரின் உரிமைக்கு எதிராக அதை விற்கவோ எழுதிவைக்கவோ முடியாது. பிறகு ஏலம் நடந்து விற்பனை உறுதியானால்தான் உரிமை கைமாறும். பறிமுதல் என்பதோ உடைமையையே இழப்பது. பிடித்துவைப்பதற்கும் பறித்துக்கொள்வதற்கும் உள்ள தொலைவு இது.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதற்கான விதிகளைத் தருகிறது. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தைப் பற்றும்போது அந்த உத்தரவைச் சொத்து இருக்கும் இடத்திலோ அதன் அருகிலோ பறையறைந்து, அல்லது வழக்கமான வேறு முறையில், அறிவிக்க வேண்டும் என்றும், உத்தரவின் நகலைச் சொத்தில் பலர் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்றும் 21ஆம் கட்டளையின் 54ஆம் விதி சொல்கிறது. தண்டோரா போட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். தீர்ப்பு வருமுன்பே சொத்தை மறைக்கவோ விற்கவோ ஒருவர் முயன்றால், 38ஆம் கட்டளையின்படி தீர்ப்புக்கு முந்தைய பற்றுகைக்கும் இடம் உண்டு.

பற்றக் கூடாதவற்றின் பட்டியலும் அதே சட்டத்தில், 60ஆம் பிரிவில் இருக்கிறது. கடன்பட்டவரும் மனைவி மக்களும் உடுத்தத் தேவையான துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் தன்னிடமிருந்து நீக்க இயலாத அணி, கைவினைஞரின் கருவிகள், உழவரின் உழுகருவிகள், பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் கால்நடைகளும் விதைத் தானியமும் அதில் அடங்கும். இந்தப் பிரிவை முதன்முதலில் மொழிபெயர்த்த நாளில், தாலியும் ஏரும் விதையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்ததைக் கண்டு நெடுநேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அமீனா வீட்டு வாசலுக்கு வந்தால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சுகிறவர் இந்தப் பட்டியலை அறிந்திருக்க வேண்டும்.

பற்று விட வேண்டிய ஒன்று என்றுதானே வள்ளுவர் சொல்கிறார்?

துறவு அதிகாரத்தில் அப்படித்தான் சொல்கிறார்:

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு. (350)

ஆனால் இங்கும் சொல்லைக் கவனிக்க வேண்டும். பற்று என்னும் சொல் ஆறு முறை வருகிற இந்தக் குறள், கையை வெறுமையாக்கச் சொல்லவில்லை. மற்றொன்றைப் பற்றச் சொல்கிறது. விடுவதற்கும் ஒரு பிடி தேவை.

மற்ற அதிகாரங்களில் அதே சொல்லின் நிறம் மாறுகிறது. தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் சுற்றம் அற்றவரை நம்பாதே என்று எச்சரித்து, அதற்குக் காரணமாக 'பற்றிலர் நாணார் பழி' (506) என்கிறார். அவர்களுக்குப் பற்று இல்லை, ஆகவே பழிக்கு அஞ்ச மாட்டார்கள். பற்றில்லாமை இங்கே குறை. சுற்றந்தழால் அதிகாரத்தில் 'பற்றற்ற கண்ணும்' (521) என்று தொடங்கும் குறளில், அந்தத் தொடருக்குச் செல்வம் தொலைந்து வறியவனான போதும் என்று பரிமேலழகர் பொருள் கூறுகிறார். பற்றற்றவர் என்றவுடன் காவி உடையை நினைக்கிற நம் பழக்கம் இந்தக் குறளிடம் செல்லாது. ஒரே நூலில் ஒரே சொல் விட வேண்டியதாகவும், இல்லாவிட்டால் குறையாகவும், கையிருப்பாகவும் நிற்கிறது. வள்ளுவரைக் காட்டிப் பற்றே தீது என்று சொல்வோர் ஓர் அதிகாரத்தோடு நூலை மூடிவிட்டவர்கள்.

பௌத்தத்தில் இச்சொல்லுக்குக் கறாரான இடம் ஒன்று உண்டு. ஒன்றிலிருந்து ஒன்று தோன்றுவதாக மணிமேகலை கூறும் பன்னிரண்டு சார்புகளின் தொடரில் 'வேட்கை பற்றே பவமே' என்று வரிசை போகிறது. பாலியிலும் வடமொழியிலும் 'உபாதானம்' எனப்படுவதைச் சாத்தனார் பற்று என்று தமிழாக்கினார். வேட்கை என்பது விரும்புவது. பற்று என்பது விரும்பியதைக் கைவிடாமல் பிடித்துக்கொள்வது. அதிலிருந்து பவம், அதாவது பிறப்புக்கு வித்தான வினைத்தொகுதி, உண்டாகிறது. இன்று 'டிசையர்', 'அட்டாச்மென்ட்' இரண்டையும் 'ஆசை' என்றே மொழிபெயர்த்துவிடுகிறவர்கள், அவர் காட்டிய நுட்பத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். நம் மாவட்டத்திலேயே ஆத்தூரை அடுத்த தியாகனூரில் பழைய பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. அமர்ந்த திருமேனியின் மடியில், ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து கிடக்கும் கைகளில் எதுவும் இல்லை. மாணவர்களுக்கு இந்த வரியைச் சொல்லும்போது அந்தக் கைகளைப் பார்த்து வரச் சொல்வேன்.

உளவியலில் பேசப்படும் 'அட்டாச்மென்ட்' கோட்பாட்டுக்குப் பற்று, பாசம், பிணைப்பு ஆகியவற்றுள் எது பொருந்தும்?

பிணைப்பு என்பதே என் தேர்வு. ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1969இல் வெளியிட்ட நூலின் பெயரே இந்த ஆங்கிலச் சொல்தான். பால் தருவதால் மட்டும் குழந்தை தாயைச் சேர்வதில்லை. அச்சம் வரும்போது காக்கக் கூடிய ஒருவரை அண்டியிருக்கும் இயல்போடு அது பிறக்கிறது என்று அவர் வாதிட்டார். மேரி எய்ன்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீட்டுக்கு வீடு சென்று கவனித்து இதை விரிவாக்கினார். தாய் அருகில் இருக்கும் துணிவில்தான் குழந்தை விலகிச் சென்று உலகை ஆராய்கிறது என்பது அவர் கண்டது. புது ஆளைப் பார்த்ததும் ஓடிவந்து அம்மாவின் முந்தானையைப் பற்றிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அதை விட்டுவிட்டு அந்த ஆளின் செருப்பை ஆராயப் போகும் குழந்தையை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பற்று ஒரு கைச் செயல். பற்றுகிறவர் மட்டும் போதும். பிணைப்புக்கு இருவர் வேண்டும். கோட்பாடு பேசுவது இருவருக்கிடையே உள்ளதை. பாசம் அழகிய சொல்தான். ஆனால் அது வடமொழியில் கயிறு, சுருக்கு என்னும் பொருளுடையது, சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டும் தளை. பேச்சிலோ அது அன்பின் மிகுதியைக் குறிக்கிறது. அச்சமும் கோபமும் கலந்த உறவையும் இந்தக் கோட்பாடு ஆராய்வதால், பாசம் என்றால் பொருள் பிசகும். பிணை என்பது ஜாமீனையும் குறிக்குமே என்று செவிலியர் ஒருவர் கேட்டார். ஆங்கிலச் சொல்லும் நீதிமன்றத்திலிருந்து வந்ததுதானே. அந்த உறவு இருப்பதில் தவறில்லை.

மின்னஞ்சலில் கோப்பைச் சேர்ப்பதை எப்படிச் சொல்வது?

இணைப்பு. அரசுக் கடிதங்களின் அடியில் நெடுங்காலமாக இருக்கும் சொல் அது. படம், ஒலி ஆகியவற்றை மின்னஞ்சலோடு அனுப்ப வழிசெய்த 'மைம்' முறையில் முதல் இணைப்பை நதானியல் போரன்ஸ்டைன் அனுப்பியது 1992 மார்ச் 11 அன்று. வலைப்பக்கத்துக்கான 'லிங்க்' என்பதையும் இணைப்பு என்று எழுதினால் குழப்பம் வரும். அதைச் சுட்டி என்று எழுதுங்கள்.

தாவரவியலில் இந்தச் சொல்லுக்கு இடம் உண்டா?

உண்டு, பாடநூல்களில் பற்றுவேர், பற்றுக்கம்பி என்னும் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களின்மீது மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். கொடியின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் குட்டையான வேர்கள் கொத்தாகப் புறப்பட்டுப் பட்டையின் வெடிப்புகளைப் பிடித்துக்கொள்ளும், அவை பற்றுவேர்கள். அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. உணவுக்கு மண்ணில் இருக்கும் வேரே போதும். இவை பிடிப்பதற்கு மட்டும். ஆகவே மிளகு ஒட்டுண்ணி அல்ல. கொடி பற்றும் கோலைப் பற்றுக்கோடு என்றும் கொழுகொம்பு என்றும் சொல்வது பழைய வழக்கு. வாழ்க்கைக்குப் பற்றுக்கோடு இல்லை என்று முதியவர்கள் சொல்லும்போது அந்தக் கொடிதான் பேச்சுக்குள் வருகிறது.

'அட்டாச்டு பாத்ரூம்' என்று ஏற்காட்டு விடுதிப் பலகைகளில் எழுதுகிறார்களே, அதை என்ன செய்வது?

'குளியலறையுடன் கூடிய அறை' என்று எழுதலாம். தமிழ்ப் பலகை எழுதித் தரும்படி கேட்ட ஒரு விடுதிக்காரருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். பலகையில் நான்கு சொல்லுக்கு இடமில்லை என்றார். 'உள்குளியலறை' என்று குறுக்கிக் கொடுத்தேன். அதுதான் இப்போது அங்கே இருக்கிறது.